அலோ கொடுத்தவர்மேல் பழி போடாதீர்கள்

"உங்களை யார் அதை அழுத்தச் சொன்னது?"

பிரவுசர் வழியாக மோசடி அறிவிப்புகள் வந்து கொட்டத் தொடங்கியவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மகன் கேட்கிறான். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி கேட்கிறார். மொபைல் சர்வீஸ் கடைக்காரர் கேட்கிறார். சைபர் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் இதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையான மொழியில்: தெரியாத தளங்களுக்குப் போகாதீர்கள், கண்டதையும் அழுத்தாதீர்கள், நல்ல ஆண்டிவைரஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்று அறிவுரைகளும் சேர்ந்து ஒரு முடிவாகவே இறுகிவிட்டன. தொல்லை வருவது கவனக்குறைவால். வருவது தகாத இடங்களுக்குப் போகிறவர்களுக்கு. வந்துவிட்டால் அது வைரஸ், அதைத் தீர்க்க மென்பொருள் வாங்க வேண்டும், இல்லையென்றால் போனை ரீசெட் போட வேண்டும்.

மூன்றுமே தவறு என்கிறேன். வெறும் தவறாக இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. இந்தக் கருத்து பாதிக்கப்பட்டவரைத் தலைகுனிய வைக்கிறது. தீராத மருந்தை விற்கிறது. உண்மையில் பொறுப்பேற்க வேண்டியவர்களைப் பார்வையிலிருந்தே மறைத்துவிடுகிறது.

நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஒருவர் பேத்தியின் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்க்க இணையத்தில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடலில் வந்த ஒரு பக்கத்தைத் தொடுகிறார். அது திறந்த வேகத்தில் இன்னொரு பக்கத்துக்குத் தாவுகிறது. அங்கே ஒரு ரோபோ படமும், "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலோவை அழுத்துங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும், மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும். அம்பு காட்டும் இடத்தில் உண்மையாகவே ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டி மோசடிக்காரர் வரைந்தது அல்ல. பிரவுசர் தானே காட்டுவது. இந்தத் தளம் அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது, அலோ, பிளாக். அவர் அலோவைத் தொடுகிறார். மதிப்பெண் வரவில்லை. சலித்துப்போய்ப் பக்கத்தை மூடிவிட்டு வேறு வழியில் பார்த்துக்கொள்கிறார்.

மறுநாள் முதல் அறிவிப்புகள் வருகின்றன. போனில் வைரஸ் இருக்கிறது, உடனே நீக்குங்கள். உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. முகம் தெரியாத பெண்ணிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி போன்ற படம். எந்தப் பக்கமும் திறந்திருக்கவில்லை, ஆனாலும் வருகின்றன. அவர் நேற்றைய ரோபோ படத்தையும் இன்றைய வைரஸ் எச்சரிக்கையையும் இணைத்துப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. போன் தானே தன் நோயைச் சொல்கிறது என்றுதான் நினைப்பார்.

அந்த ஒரு தொடுதலில் உள்ளே நடந்தது இது. சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரல் ஒன்று அந்தத் தளத்தின் பெயரில் பிரவுசருக்குள் பதிவாகிறது. பிரவுசர் நிறுவனம் நடத்தும் புஷ் சர்வரில் அந்தப் போனுக்கென ஒரு தனி முகவரி உருவாகிறது. குரோம் என்றால் கூகுளின் சர்வர், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் மொசில்லாவின் சர்வர். அந்த முகவரி தளத்துக்காரர் கைக்குப் போகிறது. அதன்பிறகு அவர் எப்போது வேண்டுமானாலும் அந்தச் சர்வருக்கு ஒரு செய்தியைக் கொடுக்கலாம். சர்வர் அதைக் கொண்டுவந்து சேர்க்கும். போன் அணைந்திருந்தால், குறித்த காலம்வரை செய்தியை வைத்திருந்து, இணைப்பு வந்ததும் கொடுக்கும். நடுவில் இருக்கும் சர்வர் படிக்க முடியாதபடி செய்தி பூட்டப்பட்டே பயணிக்கிறது. தனியுரிமைக்காக வைத்த அந்த நல்ல ஏற்பாடு இங்கே மோசடிக்காரருக்கும் உறையாகிவிடுகிறது. வந்து சேரும் இடமும் கவனிக்க வேண்டியது. விண்டோஸில் 2018 முதல் குரோமின் அறிவிப்புகள் விண்டோஸின் சொந்த அறிவிப்புப் பலகையிலேயே தோன்றுகின்றன. ஆண்ட்ராய்டில் வங்கியின் செய்தியும் மோசடிக்காரரின் செய்தியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. அனுப்பிய தளத்தின் பெயர் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். கண்புரை அறுவை முடித்தவரிடம் அதைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

இதன் பின்னால் ஒரு சந்தை இயங்குகிறது. அலோ வாங்கிக் கொடுக்கும் தளத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்றோ, வருமானத்தில் பங்கு என்றோ பணம் கிடைக்கிறது. சேர்ந்த முகவரிகளை நாடு, கருவி, மொழி என்று பிரித்து விளம்பர இடமாக ஏலம் விடுகிறார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் 2020 நவம்பரிலேயே இந்த வியாபாரத்தை விளக்கி எழுதியிருக்கிறார். போலி வைரஸ் எச்சரிக்கையைத் தொட்டால் சில சமயம் உண்மையான ஆண்டிவைரஸ் ஒன்றின் விற்பனைப் பக்கமே திறக்கும். விற்பனைக்கான கமிஷன் பயமுறுத்தியவருக்குப் போகும். சில சமயம் "எங்கள் உதவி எண்ணை அழையுங்கள்" என்ற பக்கம் வரும். அந்த எண்ணின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்பது நம் நாட்டுக்குத் தெரியாததல்ல. 2023 அக்டோபரில் சிபிஐ ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியபோது, பெரிய நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவி மையம் போல நடித்து வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்களும் அதில் சிக்கின. திரையில் திடீரென்று தோன்றும் எச்சரிக்கைதான் அவர்கள் வீசிய தூண்டில்.

இவ்வளவு பெரிய சங்கிலியில் பழி மட்டும் கடைசிக் கண்ணியில் நிற்கும் அந்த முதியவர்மேல் விழுகிறது. "அவர்தானே சம்மதித்தார்" என்கிறார்கள்.

எதற்குச் சம்மதித்தார்? அந்தப் பெட்டியில் இருந்த வாசகத்தைத் திரும்பப் பாருங்கள். பக்கத்தை மூடிய பிறகும் செய்தி வரும் என்று அதில் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வரும் என்று இல்லை. அனுப்பப்போவது இந்தத் தளம் மட்டும்தானா, இதனிடம் இடம் வாங்கும் யாரும் அனுப்பலாமா என்று இல்லை. எப்படி நிறுத்துவது என்றும் இல்லை. முன்பு வட்டிக்காரர்கள் கடன் கேட்டுவந்த விவசாயியிடம் எழுதாத பத்திரத்தில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு அதில் வேண்டியதை நிரப்பிக்கொள்வார்கள். அந்த விவசாயியைப் பார்த்து "உன்னை யார் விரல் வைக்கச் சொன்னது" என்று கேட்டவர்களை இன்று நாம் நியாயவான்களாக நினைப்பதில்லை.

மனிதர்கள் இந்தப் பெட்டியை ஆவலோடு வரவேற்கிறார்கள் என்பதும் பொய். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா, 2018 டிசம்பர் கடைசி முதல் 2019 ஜனவரி கடைசி வரையான ஒரு மாதத்தில், தன் பீட்டா பதிப்பைப் பயன்படுத்துவோருக்கு இந்த அறிவிப்புக் கோரிக்கை எத்தனை முறை தோன்றியது என்று எண்ணிப் பார்த்தது. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் முறை. அவற்றில் 3 சதவீதம்கூட ஏற்கப்படவில்லை. ஏறத்தாழ 19 சதவீத முறை, பெட்டியைப் பார்த்ததும் பயனர் அந்தத் தளத்தைவிட்டே வெளியேறிவிட்டார். கேமரா, மைக் கேட்கும் கோரிக்கைக்கு அதே பிரவுசரில் சுமார் 85 சதவீதம் சம்மதம் கிடைத்தது. காரணம் எளிது. வீடியோ அழைப்பின் நடுவே கேமராவைக் கேட்டால் எதற்கென்று புரிகிறது. ஒரு பக்கத்துக்குள் நுழைந்த நொடியில் அறிவிப்பு அனுப்பவா என்று கேட்டால் யாருக்கும் புரிவதில்லை. ஆக, மக்கள் மிகப் பெரும்பாலும் சரியாகவே நடந்துகொள்கிறார்கள். மறுக்கிறார்கள், அல்லது மூடுகிறார்கள். ஆனால் ஒருவர் நூறு முறை மறுத்து ஒரு முறை தவறினாலும் அந்த ஒரு தவறுதலை நிரந்தர உரிமையாக மாற்றித் தரும்படி இந்த ஏற்பாடு கட்டப்பட்டிருக்கிறது. பிளாக் என்று அழுத்தினால் அதே தளத்தின் வேறொரு துணைமுகவரிக்குத் தள்ளி, அங்கே புதிதாகக் கேட்பதும் நடக்கிறது. பிரவுசரைப் பொறுத்தவரை அது வேறு தளம். முன்பு சொன்ன மறுப்பு அங்கே செல்லாது.

ரோபோ தந்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரயில் டிக்கெட் எடுக்கப் போனால் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்கிறார்கள். அரசுத் தளத்தில் சான்றிதழ் எடுக்கப் போனாலும் அதே. போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடு, சைக்கிளைத் தேர்ந்தெடு. நான் மனிதன் என்று நிரூபித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதை இணையமே மக்களுக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குக் கீழ்ப்படிந்தவரைத்தான் கவனமில்லாதவர் என்கிறோம். எந்த உண்மையான ரோபோ சோதனையும் அறிவிப்புக்கான அனுமதியைக் கேட்காது. இந்த ஒரு வரியை விழிப்புணர்வுச் சுவரொட்டிகளில் போட்டிருந்தால் பயன் இருந்திருக்கும். "எச்சரிக்கையாக இருங்கள்" என்ற வரியால் யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாது.

அடுத்தது இரண்டாவது வாதம்: கண்ட கண்ட சைட்டுக்குப் போனால்தான் இது வரும். இதைச் சொல்லும்போது குரலில் ஓர் ஒழுக்கத் தீர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பெண்ணின் போனில் அந்த மாதிரிப் படங்களோடு அறிவிப்பு வந்தால் வீட்டில் அவள் எதையெல்லாம் எதிர்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. திருட்டுப் படத் தளங்களிலும் இலவச கிரிக்கெட் ஒளிபரப்புத் தளங்களிலும் இந்தப் பொறிகள் நிறைய உண்டு. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே மட்டும்தான் உண்டு என்பது ஆதாரமற்றது. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் சாதாரணத் தளங்களை, அவற்றின் பழைய பிளகின்களில் இருக்கும் ஓட்டைகள் வழியாக உடைத்து, வருகிறவர்களை இப்படிப்பட்ட பக்கங்களுக்குத் திருப்பிவிடுவது நெடுநாளாக நடக்கிறது. பலாடா இன்ஜெக்டர் என்று பெயரிடப்பட்ட ஒரே தாக்குதல் தொடரில் 2017 முதல் சுமார் 10 லட்சம் வேர்ட்பிரஸ் தளங்கள் பாதிக்கப்பட்டிருக்கும் என்று சுகுரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023 ஏப்ரலில் மதிப்பிட்டது. டாலிவே என்ற இன்னொரு தொடர், 2016 முதல் 20,000-க்கும் மேற்பட்ட தளங்களை உடைத்ததாக கோடாடி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025 மார்ச்சில் வெளியிட்டார்கள்.

வேர்ட்பிரஸில் இயங்கும் தளங்கள் எவை? பள்ளிக்கூடத் தளம், சிறு மருத்துவமனைத் தளம், சமையல் குறிப்புத் தளம், உள்ளூர்ச் செய்தித் தளம், ஊர்க் கோயிலுக்கு யாரோ ஓர் இளைஞர் ஆர்வத்தில் செய்து கொடுத்துவிட்டுப் பிறகு பராமரிக்காமல் விட்ட தளம். உடைத்தவர்கள் எல்லா வருகையாளர்களையும் திருப்புவதில்லை. தேடுபொறியிலிருந்து வருகிறவரை மட்டும், போனில் வருகிறவரை மட்டும், முதல் முறை வருகிறவரை மட்டும் என்று பொறுக்கித் திருப்புகிறார்கள். அதனால் தளத்தின் உரிமையாளர் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பாதிக்கப்பட்டவர் "நான் சாமி பாட்டு தேடும்போதுதான் வந்தது" என்றால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

மூன்றாவது வாதம்தான் மிக அதிகச் செலவு வைப்பது. இது வைரஸ், ஆண்டிவைரஸ் வாங்குங்கள், இல்லையென்றால் பார்மட் போடுங்கள் என்கிறார்கள்.

மேலே சொன்ன வழிமுறையில் எந்த இடத்திலும் வைரஸ் வரவில்லை. பிரவுசரின் அமைப்புகளுக்குள் ஓர் அனுமதி பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. ஸ்கேன் செய்யும் மென்பொருளுக்கு அது சட்டப்படி கொடுக்கப்பட்ட அனுமதி. தேடினாலும் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து ஆண்டிவைரஸ் போட்ட பிறகும் அறிவிப்பு வரும்போது பாதிக்கப்பட்டவர் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறார். அடுத்த கட்டம் ஃபேக்டரி ரீசெட். அது அறிவிப்பை நிறுத்திவிடும் என்பது உண்மைதான். அதோடு காப்புப் பிரதி எடுக்காத பேரக்குழந்தையின் படங்களும், இறந்துபோனவரின் குரல் பதிவுகளும் போய்விடும். சில நிமிட வேலைக்கு இந்த விலை.

அந்த வேலை இதுதான். ஆண்ட்ராய்டு குரோமில் மேலே வலது ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளுக்குள் போய், அங்கே தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். நீங்கள் அறியாத ஒவ்வொரு பெயரையும் தொட்டு அனுமதியை எடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அத்தனையையும் எடுத்துவிடலாம். வேண்டிய தளத்துக்குப் பிறகு திரும்பக் கொடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் குரோமில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதிக்குள் இதே தள அமைப்புகள் இருக்கின்றன. அறிவிப்பு திரையில் நிற்கும்போதே அதை அழுத்திப் பிடித்தாலும் போனில் அதை நிறுத்தும் வழி கிடைக்கும். புதிய ஆண்ட்ராய்டு குரோமில் அறிவிப்பிலேயே சந்தாவை நீக்கும் பொத்தான் வந்துவிட்டது. கையோடு, இனிமேல் எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்ற தேர்வை அதே பக்கத்தில் போட்டுவிட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் இதற்குச் சமமான தேர்வுகள் உண்டு. நோயைக் காட்டி மருந்து விற்பவர்கள் யாரும் இந்தப் பக்கத்தைக் காட்டித் தருவதில்லை.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் ஆட்வேர் என்பது வேறு. அது உண்மையாகவே கருவிக்குள் குடியேறிய மென்பொருள்: போனில் ஓர் ஆப்பாக, கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமாக, பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷனாக. எந்த ஆப்பும் திறந்திராத போதும் போனில் முழுத்திரை விளம்பரம் வருகிறதா? அது அறிவிப்பு அல்ல, ஆட்வேர். விளம்பரம் நிற்கும்போதே சமீபத்திய ஆப்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் அதைப் போட்ட ஆப்பின் பெயர் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயர் தெரியவில்லையென்றால், மற்ற ஆப்களுக்கு மேலே தோன்றும் அனுமதியை எவையெல்லாம் வைத்திருக்கின்றன என்று அமைப்புகளில் பார்க்க வேண்டும். டார்ச் லைட் ஆப்புக்கும் கியூஆர் ஸ்கேனருக்கும் அந்த அனுமதி எதற்கு? நீக்க விடாமல் முரண்டு பிடிக்கும் ஆப்பை, முதலில் டிவைஸ் அட்மின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, போனை சேஃப் மோடில் இயக்கி நீக்கலாம். கம்ப்யூட்டரில் தேடுபொறி தானாக மாறியிருந்தால் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரின் குரோமில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற வரி காரணமில்லாமல் தென்பட்டால் நிறுவனங்கள் குரோமைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் கொள்கை (பாலிசி) அமைப்புக்குள் ஆட்வேர் புகுந்திருக்கக்கூடும். அப்போது மால்வேர்பைட்ஸின் ஆட்வ்கிளீனர் போன்ற இலவசக் கருவி உதவும். பார்மட் போட்டவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது: குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் வைத்திருந்தால், பார்மட்டுக்குப் பிறகு உள்நுழைந்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே திரும்ப வந்துவிடும், ஆட்வேரும் சேர்த்து. பட்டியலில் அதைக் கண்டு நீக்காமல் பார்மட் போட்டது வீண் வேலை.

ஆட்வேரிலாவது பயனர்மேல் குற்றம் சொல்லலாமா? லெனோவோ நிறுவனம் 2014-இன் பிற்பகுதியில் விற்ற மடிக்கணினிகள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற ஆட்வேரைத் தானே நிறுவி விற்றது. பூட்டுக்குறி போட்ட பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் புகுந்து விளம்பரம் போடுவதற்காக, அது கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் தன் சொந்தச் சான்றிதழைச் சேர்த்துக்கொண்டது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் ஆய்வாளர் ராபர்ட் கிரஹாம் அந்தச் சாவியின் கடவுச்சொல்லை உடைத்துக் காட்டினார். அமெரிக்க வர்த்தக ஆணையமும் 32 மாநிலங்களும் தொடுத்த வழக்கு 2017 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. பெட்டியைப் பிரித்து முதல் முறை இயக்கியவர் எதை அழுத்தினார்? கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனின் கதையும் அப்படித்தான். பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்துக் கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல கருவி அது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நம்பி வைத்திருந்தார்கள். 2020-இல் உருவாக்கியவர் அதை வேறு கைக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் தீங்கு செய்யும் மென்பொருள் என்று கூகுளே அதை நீக்கியது. அதை நம்பியவர்கள் கணினி தெரிந்தவர்கள், படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள்.

தேடித் தேடி ஸ்கேன் செய்வதன் பலன் எவ்வளவு என்பதற்குக் கூகுளே ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. விண்டோஸ் குரோமுக்கென 2015 முதல் ஒரு துப்புரவுக் கருவி இருந்தது. 8 கோடிக்கும் மேற்பட்ட தடவை அது சுத்தம் செய்திருக்கிறது. 2023 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். காரணங்களில் ஒன்று, அந்த ஆண்டு பிப்ரவரியில் பயனர்கள் அந்தக் கருவியால் செய்த ஸ்கேன்களில் 0.06 சதவீதத்தில்தான் வேண்டாத மென்பொருள் அகப்பட்டது. ஆனாலும் கடைகளில் அறிவுரை மாறவில்லை.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஒன்று உண்டு. அறிவிப்பு வசதி பத்திரிகைகளுக்கும் சிறு கடைகளுக்கும் பயன்படுகிறது. ஆப் செய்யப் பணமில்லாதவர்கள் அதன் வழியாகத்தான் வாசகரை அடைகிறார்கள். சிலர் கெடுப்பதற்காக எல்லோருக்கும் கதவை மூட முடியுமா? பிரவுசர் நிறுவனம் எத்தனை கோடித் தளங்களைக் கண்காணிக்கும்? மதிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கான பதில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2020 ஜனவரியில் 72-ஆம் பதிப்பிலிருந்து, பயனர் பக்கத்தில் எதையாவது செய்யாத வரை அந்தப் பெட்டியைத் திறக்கவே விடுவதில்லை. முகவரிப் பட்டையில் ஒரு சிறு குறி மட்டும் தெரியும். ஐபோனில் 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4 வந்தபோதுதான் தளங்கள் அறிவிப்பு அனுப்ப வழி திறந்தது. அப்போதும் அந்தத் தளத்தைப் பயனர் தன் முகப்புத் திரையில் சேர்த்திருந்தால்தான் அது அனுமதியே கேட்க முடியும். ஏதோ ஒரு பக்கத்தில் வழிதவறி நுழைந்த ஐபோன்காரரிடம் அந்தப் பெட்டி தோன்றாது. ஐபோன் வைத்திருப்பவர் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவரைவிட விழிப்புணர்வு மிக்கவர் என்று யாராவது சொல்வார்களா? மனிதர் அதே மனிதர். பெட்டி தோன்றும் விதிதான் வேறு.

கூகுளுக்கும் இது தெரியும். 2015 ஏப்ரலில் குரோம் 42-இல் இந்த வசதி வந்தது. 2020-இல் அறிவிப்புக் கோரிக்கைகள் பயனர்களின் முக்கியப் புகார்களில் ஒன்று என்று அவர்களே எழுதி, அந்த ஆண்டு பிப்ரவரியில் ஓசையில்லாத பெட்டியைக் கொண்டுவந்தார்கள். ஜூலையிலும் அக்டோபரிலும் மோசடித் தளங்களுக்குக் கட்டுப்பாடு சேர்த்தார்கள். 2025 அக்டோபரில், பயனர் கண்டுகொள்ளாத, ஆனால் அறிவிப்புகளைக் கொட்டும் தளங்களின் அனுமதியைக் குரோம் தானாகவே எடுத்துவிடும் என்று அறிவித்தார்கள். அப்போது கொடுத்த தகவல்: போய்ச் சேரும் அறிவிப்புகளில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றைத்தான் மக்கள் தொட்டாவது பார்க்கிறார்கள். வசதி வந்து 10 ஆண்டுகள் கழித்து இந்தத் திருத்தம் வருகிறது. வரவேற்கிறேன். ஆனால் தடுப்பு செய்ய முடியாதது அல்ல, செய்யாமல் விடப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அனுப்பும் நூறு அறிவிப்புகளில் ஒன்றைக்கூட மக்கள் சீண்டாத ஒரு வசதியை, எல்லாத் தளங்களுக்கும் திறந்து வைத்துவிட்டு, தவறியவரைக் கேள்வி கேட்பது எந்த வகையில் நியாயம்?

நம் சட்டம்கூட நம் பொதுப் பேச்சைவிட முன்னால் நிற்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் அறிவித்த ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்கள் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. கணினியில் வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்திப் போலி மருந்தை வாங்க வைப்பது அதில் ஒன்று. விளம்பரத்தை வேறொன்றாக வேடமிட்டுக் காட்டுவது இன்னொன்று. திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பது மற்றொன்று. அந்த ஆவணம் வடிவமைத்தவரைக் குற்றம் சொல்கிறது, பார்த்தவரை அல்ல. அதே 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சம்மதம் தகவலறிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு நிகராக எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தச் சட்டம் பிரவுசர் அனுமதிக்கு நேரடியாகப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். அந்தக் கோட்பாட்டை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். கொடுக்க ஒரு தொடுதல். திரும்பப் பெற, நான்கு அடுக்கு அமைப்புகளுக்குள் இறங்க வேண்டும், அதுவும் இருக்கும் இடம் தெரிந்தால்.

இந்தப் பழி போடும் வழக்கத்தை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்கு முதன்மையான காரணம் பணம். அறிவிப்பு மட்டும் வந்துகொண்டிருக்கும் நிலையில் பணம் போவதில்லை, அது தொல்லைதான். அதைத் தொட்டு, எண்ணை அழைத்து, மறுமுனையில் இருப்பவர் சொன்ன ஸ்கிரீன் ஷேர் ஆப்பைப் போட்ட பிறகே பணம் போகிறது. முதல் அறிவிப்புக்கும் அந்த அழைப்புக்கும் நடுவே பல நாட்கள் இருக்கலாம். அந்த நாட்களில் ஒரு மாலை அப்பாவோ அத்தையோ பேரனிடம் "இது என்னன்னு பாருடா" என்று போனை நீட்டியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். ஏன் நீட்டுவதில்லை? போன தடவை நீட்டியபோது என்ன கிடைத்தது என்று அவர்களுக்கு நினைவிருக்கிறது. படிச்சவங்கதானே, இதுகூடத் தெரியாதா, எத்தனை தடவை சொல்றது. அதனால் மறைக்கிறார்கள். எச்சரிக்கை சொல்லும் எண்ணில் பேசுகிறவனோ "கவலைப்படாதீங்க சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்று பொறுமையாகப் பேசுகிறான். பணம் போன பிறகும் அதே வெட்கத்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்கத் தாமதிக்கிறார்கள். பரிமாற்றத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கும் முதல் மணிநேரங்கள் அந்தத் தயக்கத்தில் கரைகின்றன.

ஆகவே சைபர் கிரைம் பிரிவும் வங்கிகளும் கல்லூரிகளும் நடத்தும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் "எச்சரிக்கையாக இருங்கள்" என்ற பாடத்தை விட்டுவிட்டு, வந்திருப்பவர்களின் போனைக் கையில் எடுக்கச் சொல்லி, அறிவிப்புப் பட்டியலைத் திறந்து, அங்கேயே காலி செய்ய வைக்க வேண்டும். போன் விற்கும் கடையில் சிம் போட்டுத் தரும்போதே தளங்கள் அனுமதி கேட்கும் வசதியை அணைத்துக் கொடுக்கலாம். பிரவுசர் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். தளங்கள் அறிவிப்புக்கு அனுமதி கேட்கும் வசதி தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும், வேண்டும் என்கிறவர் தேடிப் போய்த் திறந்துகொள்ளட்டும். இந்தக் கோரிக்கையை நுகர்வோர் ஆணையத்தின் முன் வைக்க நம் நுகர்வோர் அமைப்புகளுக்கு மேற்சொன்ன வழிகாட்டுதல்களே போதுமான ஆதாரம்.